ஓடாத படகுக்குக் கொடுத்த அச்சாரம்

"பொழியை ஒருக்கா பாக்கணும் மக்களே" என்று அப்பா கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. பிறந்தது பொழியூரில். அகத்தியமலையில் புறப்படும் நெய்யாறு கடலைத் தொடுகிற இடத்தில் அக்கரை பூவார், இக்கரை பொழியூர். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு கிடக்கும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் திட்டு முறிந்து தண்ணீர் கடலில் சேரும். வேனலில் கடல் மறுபடியும் மணலைத் தள்ளி அடைத்துவிடும். இதைத்தான் பொழி என்கிறோம். அப்பாவின் ஊர்ப் பெயரிலேயே அது இருக்கிறது. திருவிதாங்கூர் ராஜாக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய ஏ.வி.எம். சானல் பூவாரில் தொடங்கிக் கடலோரமாகவே குளச்சல் பக்கம் போகும். இன்று பல இடங்களில் தூர்ந்து கிடக்கும் அந்தச் சானலில் தொண்டும் ஓலையும் ஏற்றிய வள்ளங்கள் போனதைக் கண்ணால் கண்டவர் அப்பா.

1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, பொழியூர் இருக்கிற நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. அப்பா பிறந்த வீடு ஒரு மாநிலத்திலும் கட்டிய வீடு இன்னொரு மாநிலத்திலும் ஆனது அப்படித்தான். நாங்கள் இருப்பது களியக்காவிளையில். உச்சக்கடை வழியாகப் போனால் பூவார் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவர் பொழியைப் பார்த்து முப்பது வருஷம் ஆகிவிட்டது.

அண்ணன் துபாயில் இருக்கிறான். மே மாதம் லீவில் வருவதாகச் சொன்னதும் எல்லோரும் சேர்ந்து போவோம் என்று முடிவு செய்தோம். மார்த்தாண்டத்தில் இருந்து அத்தை வீட்டார், பாறசாலையில் இருந்து சித்தி வீட்டார் என்று மொத்தம் இருபத்திரண்டு பேர். இரண்டு படகு, மூன்று மணி நேரம், மிதக்கும் ஓட்டலில் மதியச் சாப்பாடு, பெரியவர்களுக்கு மிதக்கும் குடிலில் ஓர் இரவு. பூவாரில் படகு நடத்துகிற ஒரு நிறுவனத்திடம் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய் பேசினோம். ஏப்ரல் கடைசியில் ஜிபே மூலமாக முதலில் ஐந்தாயிரம், பிறகு பதினைந்தாயிரம் அனுப்பினேன். அதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. தேதி, ஆள் கணக்கு, தொகை, கீழே பொடி எழுத்தில் 'அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது' என்று ஒரு வரி. நான் அந்த வரியைப் படித்தேன். படித்துவிட்டு, எல்லா இடத்திலும் இப்படித்தானே போடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்களைப் போலவே நடந்துகொள்கிறவர்கள் பூவாரிலும் உண்டு, ஆலப்புழையிலும் உண்டு, பிச்சாவரத்துக்குப் போகும் வழியிலும் உண்டு. நடந்ததை விவரமாகச் சொல்வதுதான் யாருக்காவது உதவும்.

மே கடைசி வாரத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்குகிற வழக்கமான தேதி ஜூன் 1 என்றாலும், ஒரு வாரம் முந்துவது புதிதில்லை. 2025இல் மே 24ஆம் தேதியே இறங்கியது. நாங்கள் தேதி குறித்தபோது அண்ணனின் லீவை மட்டும் பார்த்தோம், வானத்தைப் பார்க்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்குச் செய்தி வந்தது: மாவட்டத்துக்கு சிவப்பு எச்சரிக்கை, படகுச் சவாரி எல்லாம் நிறுத்தம்.

என் கணவர் உடனே அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு, "நாளைக்கு நாங்க வரல, கேன்சல் பண்ணிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில், அவர்கள் வீணாகக் காத்திருக்கக் கூடாதே என்றுதான் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் பிறகு எங்களை என்ன பாடு படுத்தியது என்பதை வருகிற இடத்தில் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, எங்களுக்கு அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்த இடைத்தரகர்ப் பையன் கூப்பிட்டான். "சேச்சி, கடல் பக்கம்தான் போகக் கூடாது. உள்ளே கண்டல் காட்டுக்குள்ள காத்தே இல்ல. சின்ன வள்ளத்துல கொண்டுபோறேன், ஆரும் பாக்க மாட்டாங்க. அட்வான்ஸ் போயிரும்ல, அதான் சொல்றேன்."

வீட்டில் பேச்சு தொடங்கியது. மாமா, "இருபதாயிரத்தை வெறுதே விடவா? மழை கொஞ்சம் விட்ட மாதிரிதானே இருக்கு" என்றார். அண்ணனுக்கும் மனம் ஆடியது. அவனுக்கு அடுத்த வியாழக்கிழமை விமானம். சிறுபிள்ளைகள் ஏற்கெனவே உடை மாற்றி நின்றார்கள். சாய்வு நாற்காலியில் இருந்த அப்பா மட்டும் எழுந்து வந்து, "பொழி முறியுத நேரத்துல வள்ளத்துல கால் வைக்கப்பிடாது. நான் வரல்ல, ஒருத்தரும் போவேண்டாம்" என்றார். அதோடு பேச்சு நின்றது.

இந்த நிமிஷத்தைப் பற்றி நான் அதற்குப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். இருபதாயிரம் ரூபாய் போய்விடுமே என்கிற நினைப்பு, இருபத்திரண்டு பேரில் பாதிப்பேரை ஆற்றுக்குள் இறக்கப் பார்த்தது. ஒரு பெரியவர் அந்த ஊரில் பிறந்தவராக இருந்ததால் நிறுத்த முடிந்தது. நெல்லையில் இருந்தோ மதுரையில் இருந்தோ வருகிற குடும்பத்துக்கு யார் சொல்வார்கள்? 2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டில் இருந்து போனவர்களும் உண்டு. 2023 மே 7ஆம் தேதி தானூரில் 22 பேர். இரண்டுக்கும் காரணம் மழை இல்லை, ஏற்றக்கூடாத அளவுக்கு ஏற்றியதும் விதியை மதிக்காததும்தான் பேசப்பட்டன. ஆனால் 'ஒன்றும் ஆகாது, ஏறுங்க' என்கிற குரல் எங்கும் ஒன்றுதான். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் இந்தக் கரையின் மீன்பிடிக் குடும்பங்கள் எவ்வளவு பேரை இழந்தன என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பொழியூரிலும் பூவாரிலும் அந்த வீடுகள் இன்றும் இருக்கின்றன.

அதனால்தான், அட்வான்ஸ் திரும்பி வருவது வெறும் பண விஷயம் என்று நான் நினைப்பதில்லை. பணம் திரும்பாது என்றால் மனிதர்கள் மழையிலும் ஏறுவார்கள். எச்சரிக்கை வந்தால் முழுப் பணமும் கையில் வரும் என்று தெரிந்தால் வீட்டில் இருப்பார்கள். படகுக்காரருக்கும் அதே கணக்குத்தான். பணத்தைத் திருப்ப வேண்டியதில்லை என்றால் ஓட்டாமல் இருப்பது அவருக்கு லாபம், முழுப் பணமும் வேண்டும் என்றால் ஓட்டிவிடுவது லாபம். உயிரைப் பற்றிய கேள்வி அந்தக் கணக்கில் எங்குமே வராது.

அப்பா வேண்டாம் என்றதும் நான் செய்தது ஒன்றே ஒன்று. நிறுவனத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு கேள்வி அனுப்பினேன்: "இன்று உங்கள் படகு ஓடுமா?" கேன்சல் என்ற சொல்லையே எழுதவில்லை. அரைமணி நேரத்தில் மலையாளத்தில் பதில் வந்தது. இன்று போட் இல்லை, கலெக்டர் உத்தரவு, வேறு தேதி தருகிறோம் என்று. அதை அப்படியே படம் பிடித்து வைத்தேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

வேறு தேதி எங்களுக்கு உதவாது. அண்ணன் போய்விடுவான், மறுபடி வர ஒன்றரை வருஷம் ஆகும். பணத்தைத் தாருங்கள் என்று கேட்டேன். ஜூன் மாதம் முழுக்கப் போனில் கழிந்தது. முதலில் "முதலாளி ஊரில் இல்லை" என்றார்கள். பிறகு "அட்வான்ஸ் திருப்பித் தரமாட்டோம் என்று போட்டிருக்கிறதே" என்றார்கள். கடைசியில் வந்தது நான் முன்னே சொன்ன அந்த வாக்கியம்: "வெள்ளிக்கிழமை ராத்திரி உங்க வீட்டுக்காரர்தானே கேன்சல் பண்ணினது? நாங்க பண்ணலையே!"

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சட்டத்தைச் சொல்ல வேண்டும். நான் வக்கீல் இல்லை. இந்தச் சண்டைக்காகப் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். இதை எங்கள் பக்கத்துச் சொல்லிலேயே சொல்லலாம். நிலம் வாங்கும்போது கொடுப்பது அச்சாரம். மலையாளத்திலும் அதே சொல்தான். பேச்சு மாறமாட்டேன் என்பதற்குப் பிணையாகக் கொடுக்கிற பணம் அது. வாங்குகிறவர் பின்வாங்கினால் அச்சாரம் போகும், விற்கிறவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தரவேண்டும் என்று பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். முன்பணம் வேறு. மொத்த விலையில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கட்டுவதுதான் முன்பணம், அதைப் பிணை என்று சொல்ல முடியாது. நீதிமன்றங்களும் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கின்றன. படகுக்கு நாம் கட்டுவதை அவர்கள் முன்பணமாக வாங்குகிறார்கள், தகராறு வந்ததும் அச்சாரம் என்கிறார்கள்.

சரி, பிணைப் பணம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முழுவதையும் விழுங்க முடியுமா? 1947இல் மௌலா பக்ஸ் என்ற வியாபாரி ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு கொடுக்க ஓர் ஒப்பந்தமும், கோழி, முட்டை, மீன் கொடுக்க இன்னோர் ஒப்பந்தமும் போட்டு, 10,000 ரூபாயும் 8,500 ரூபாயும் டெபாசிட் கட்டினார். சொன்னபடி அவரால் கொடுக்க முடியவில்லை. அரசு இரண்டு டெபாசிட்டையும் எடுத்துக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1969இல் தீர்ப்பு வந்தது. தவறு வியாபாரியுடையதுதான், ஆனால் தனக்கு என்ன நஷ்டம் என்று அரசு நிரூபிக்கவில்லை, அதனால் டெபாசிட்டை வைத்துக்கொள்ள முடியாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்வது இதுதான்: காகிதத்தில் என்ன தொகை எழுதியிருந்தாலும், நியாயமான நஷ்ட ஈட்டுக்கு மேல் எடுக்க முடியாது. வாடிக்கையாளரே ரத்து செய்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம்? கணக்கைக் காட்டுங்கள்.

எங்கள் விஷயத்தில் இன்னும் ஒரு படி உண்டு. நாங்கள் போக விரும்பாததால் படகு நிற்கவில்லை, ஓடக் கூடாது என்று உத்தரவு வந்ததால் நின்றது. இதே மாதிரி ஒரு பழைய வழக்கு இங்கிலாந்தில் இருக்கிறது, அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1902 ஜூன் மாதம் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு முடிசூட்டு விழா. அதையொட்டி ஸ்பிட்ஹெட்டில் கடற்படை அணிவகுப்பு. அதைப் பார்க்க ஆட்களை ஏற்றிப்போக ஒருவர் 'சிந்தியா' என்ற நீராவிப் படகை இரண்டு நாளுக்கு 250 பவுனுக்குப் பேசி, 50 பவுன் முன்பணம் கட்டினார். மன்னருக்குக் குடல்வால் நோய் வந்து விழா தள்ளிப்போனது, அணிவகுப்பும் நின்றது. பேசியவர் படகை எடுக்கவில்லை. 1903இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கப்பல்கள் அங்கேயே நின்றன, படகு ஓடத் தடை இல்லை, சுற்றிப் பார்க்கவும் முடியும், ஆகவே ஒப்பந்தம் முறியவில்லை. முன்பணம் போனதோடு நிற்காமல் மீதியையும் கட்டவேண்டி வந்தது. அந்த நாட்களில் படகுக்காரர்கள் சம்பாதித்ததை மட்டும் கழித்துக்கொண்டார்கள்.

இந்த வழக்கு எதிர்த்தரப்புக்குச் சாதகமானது போலத் தோன்றும். எனக்கு அது உதவியது. மேகமூட்டம், சூரிய அஸ்தமனம் தெரியாது, மனம் இல்லை என்று நாமே விட்டால் நாம் 'சிந்தியா' படகைப் பேசியவரின் நிலையில் நிற்கிறோம். படகு ஓடவே கூடாது என்றால் நிலைமை நேர்மாறு. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, பேசி முடித்த பிறகு ஒரு காரியம் செய்ய முடியாததாகவோ சட்டவிரோதமாகவோ ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. 65ஆம் பிரிவு அடுத்ததைச் சொல்கிறது: செல்லாமல் போன ஒப்பந்தத்தின் பேரில் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும், அல்லது ஈடு கட்ட வேண்டும். இங்கிலாந்தில் இப்படி முன்பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை 1942இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்ன பிறகுதான் தெளிவானது. நம் சட்டப் புத்தகத்தில் அதற்கு எழுபது வருஷம் முன்னாலேயே இருக்கிறது. இதை பூவார் ஜெட்டியில் நிற்கிற ஒருவருக்கும் யாரும் சொல்லவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. மழை எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்று நிபந்தனையிலேயே தெளிவாக எழுதி நாம் ஒப்புக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. எங்களுக்கு வந்த படத்தில் மழையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஜூலை முதல் வாரம் நானே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். ஒரு பக்கம்தான். எந்தத் தேதியில் எவ்வளவு அனுப்பினேன், பரிவர்த்தனை எண் என்ன, எந்தத் தேதிப் பயணம், உத்தரவு எப்போது வந்தது, சனிக்கிழமை காலை நீங்கள் அனுப்பிய பதில் என்ன. கணவர் முந்தின ராத்திரி பேசியதையும் மறைக்காமல் எழுதினேன். அவர் பேசியபோது தடை ஏற்கெனவே வந்துவிட்டது, அவர் பேசாவிட்டாலும் படகு ஓடியிருக்காது. 15 நாளில் பணம் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று முடித்தேன். ஒப்புதல் அட்டையோடு தபாலில் அனுப்பி, அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் போட்டேன். கோபமாக ஒரு வார்த்தையும் எழுதவில்லை. போனில் நூறு வார்த்தை கத்துவதைவிட இப்படி ஒரு தாளுக்குத்தான் அவர்கள் மரியாதை கொடுக்கிறார்கள்.

பதில் வராததால் 1915க்குப் பேசினேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழில் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது. ஆனால் புகாரைப் பதிவு செய்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள், ஒரு எண் கொடுப்பார்கள். அப்படிப் பதிவான பிறகுதான் அந்த நிறுவனத்தில் இருந்து முதல்முறையாக அவர்களாகவே என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்தாயிரம் தருகிறோம், மீதிக்கு ஒரு வருஷம் செல்லுபடியாகும் கூப்பன் தருகிறோம் என்றார்கள்.

கூப்பன் பற்றியும் ஒரு வார்த்தை. கொரோனா காலத்தில் விமான நிறுவனங்கள் இதைத்தான் செய்யப் பார்த்தன. 2020 அக்டோபர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பொதுமுடக்க நாட்களில் அந்த நாட்களுக்காகவே எடுத்த டிக்கெட்டுகளுக்கு முழுப் பணத்தையும் உடனே திருப்பச் சொன்னது. மற்றவற்றுக்கு, நிறுவனத்தால் திருப்ப முடியாத நிலை இருந்தால் மட்டும் வரவு வைத்துக்கொள்ள இடம் கொடுத்து, அதற்கும் மாதாமாதம் தொகையைக் கூட்டச் சொன்னது. பயன்படுத்தாமல் போனால் 2021 மார்ச் 31க்குப் பிறகு பணமாகவே தரவேண்டும். வெளிநாட்டிலும் பெரிய கப்பல் பயணங்களுக்கு இதே சண்டை நடந்தது. ஐரோப்பாவில் தொகுப்புப் பயணத்தை நிறுவனம் ரத்து செய்தால் 14 நாளில் பணம் தரவேண்டும் என்று விதி ஏற்கெனவே இருந்தது. அமெரிக்காவில் கொரோனா அனுபவத்துக்குப் பிறகு 2022இல்தான், கப்பல் ரத்தானாலோ மூன்று நாள் அல்லது அதற்கு மேல் தாமதமானாலோ பணம் கேட்கலாம் என்று விதி எழுதினார்கள். கூப்பனை வாங்கிக்கொள்வது நம் விருப்பம், அதைக் கடமையாக்க முடியாது. எனக்கு வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலைதான் எல்லைப் பக்கத்துக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. "கேஸ் போடணும்னா திருவனந்தபுரம் வரணும், எத்தனை தடவை வருவீங்க?" என்று அந்த மேலாளர் போனில் கேட்டார். முன்பு அது உண்மையாக இருந்தது. எதிர்த்தரப்பு எங்கே இருக்கிறதோ, அல்லது காரியம் எங்கே நடந்ததோ அங்கேதான் போடவேண்டும். 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை மாற்றிவிட்டது. 34ஆம் பிரிவின்படி புகார் செய்கிறவர் எங்கே வசிக்கிறாரோ அந்த மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். களியக்காவிளையில் இருக்கிற எனக்கு நாகர்கோவில். பாறசாலைச் சித்திக்கு திருவனந்தபுரம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலேயே பதிவு செய்யலாம். குறையுள்ள சேவைக்கான பணத்தைக் குறித்த நாளுக்குள், நாள் குறிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்ப மறுப்பதை முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டமே பெயரிட்டுச் சொல்கிறது; ஓடாத படகும் அதில் சேரும் என்பது என் வாதம். ஆணையத்தின் உத்தரவை மதிக்காவிட்டால் சிறைத்தண்டனை வரை இடம் இருக்கிறது.

நான் புகாரை முழுவதும் தயார் செய்து, அதன் நகலை அந்த மேலாளருக்கு அனுப்பினேன். மேலே 'நாகர்கோவில்' என்று ஆணையத்தின் பெயர் இருந்தது. இரண்டு நாளில் பேச்சு மாறியது. இந்த முறை முதலாளியே பேசினார். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "மே, ஜூன், ஜூலை மூணு மாசம் எங்களுக்கு வருமானமே இல்ல. ஓட்டுறவனுக்குத் தினக்கூலி. நீங்க கொடுத்த அட்வான்ஸ்ல இடையில் நின்ன பையனுக்கு அப்பவே கமிஷன் கொடுத்தாச்சு. உங்களுக்காகக் கரிமீனும் கோழியும் சொல்லி வச்சிருந்தோம்."

அவர் சொன்னதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வள்ளம் ஓடாத நாளில் வள்ளக்காரன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று தெரிந்த வீட்டில்தான் நானும் பிறந்தேன். ஆனால் தரகுப் பணம் அவருக்கும் அந்தப் பையனுக்கும் உள்ள ஏற்பாடு, அதை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்? கரிமீனுக்கும் கோழிக்கும் பில் இருந்தால் காட்டுங்கள் என்றேன். 2,400 ரூபாய்க்குப் பில் அனுப்பினார், தேதியும் சரியாக இருந்தது. 65ஆம் பிரிவைப் பிடித்து அதையும் கேட்டிருக்கலாம் என்று பிறகு ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். கேட்க எனக்கு மனம் இல்லை. எங்களுக்காக வாங்கிய மீன் அது.

செப்டம்பர் முதல் வாரம், ஓணத் திரக்கு நேரத்தில், 17,600 ரூபாய் என் கணக்குக்கு வந்தது. அன்று மாலையே 1915இல் பதிவான புகார் தீர்ந்ததாகத் தெரிவித்தேன்.

அந்த முதலாளியிடம் கடைசியாக நான் ஒன்று கேட்டேன். அடுத்த வருஷத்துப் படத்தில், திருப்பித் தரப்படாது என்ற வரிக்குப் பதிலாக, அரசு படகை நிறுத்தினால் முழுப் பணமும் ஏழு நாளில் திரும்பும் என்று போடுங்கள், மழை நாளில் யாரும் உங்களை ஓட்டச் சொல்லி நெருக்கமாட்டார்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். பூவாரில் படகு நடத்துகிற ஒவ்வொருவரிடமும் என் வேண்டுகோள் இதுதான். உல்லாசப் படகுகளுக்கு உரிமம் கொடுக்கிறவர்களிடமும் இதையே கேட்கிறேன். உயிர்க்கவசம் எத்தனை என்று எண்ணுகிறீர்கள், அட்வான்ஸ் நிபந்தனை என்ன என்றும் ஒரு வரி பாருங்கள்.

பயணம் பேசுகிறவர்களும் ஒன்று செய்யுங்கள். பணம் அனுப்பும் முன்பு, "எச்சரிக்கை வந்து படகு நின்றால் பணம் எத்தனை நாளில் வரும்?" என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள், பதில் வந்த பிறகு அனுப்புங்கள். மழை நாளில் நீங்களாகக் கேன்சல் சொல்லாதீர்கள். படகு ஓடுமா என்று மட்டும் எழுத்தில் கேளுங்கள். பெரிய தொகை என்றால் கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கி மூலமாகவும் முறையிட ஒரு வழி உண்டு. ஜிபேயில் அனுப்பிய எனக்கு அந்த வழி இல்லை.

அப்பா ஜனவரியில் பொழியைப் பார்த்தார். அண்ணன் இல்லை, இருபத்திரண்டு பேரும் இல்லை. நானும் கணவரும் அவரும் மட்டும், வானம் தெளிந்த ஒரு காலையில் ஜெட்டிக்குப் போய் ஒரு மணி நேரத்துக்கு ஒரு சின்னப் படகு பேசினோம். கண்டல் மரங்களுக்கு நடுவே போய் மணல்திட்டின் முன்னால் படகு நின்றது. பொழி அடைந்து கிடந்தது. அப்பா தன் வீடு இருந்த திசையைக் கைகாட்டிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். கரையில் இறங்கிய பிறகுதான் படகுக்காரர் பணம் வாங்கினார்.

நான் எழுதிய கடிதத்தின் நகல் தமிழிலும் மலையாளத்திலும் என்னிடம் இருக்கிறது. இதே நிலையில் மாட்டிக்கொண்டவர்கள் கேளுங்கள், அனுப்பித் தருகிறேன்.